எழுத்தழகும் பக்க அழகும்

கற்றல் நோக்கங்கள்

• ஒருவர் தம் அனுபவத்தை எழுதி அமைத்த பக்கத்தை எழுத்து, உண்மை, அமைப்பு ஆகிய மூன்று நிலைகளில் மதிப்பிடுதல்.
• நன்னூல் கூறும் குற்றங்களையும் அழகுகளையும் இக்கால எழுத்தில் இனங்காணுதல்.
• பிறர் எழுத்தின் குறையை அவர் மனம் ஒடியாவண்ணம் எடுத்துரைத்தல்.

நுழையும் முன்

ஒரு பக்கத்தைப் பார்த்தவுடன் 'நன்றாக இருக்கிறது' என்று கூறுகிறோம். நன்றாக இருப்பது எது? எழுத்தா, படமா, வண்ணமா, எழுதியவர் மீது நமக்குள்ள அன்பா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் பொருள்.

1. தன்னெழுத்தின் மரபு

தாம் கண்டதையும் கேட்டதையும் தம் பெயரால் எழுதிவைக்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736ஆம் ஆண்டு தொடங்கி 1761ஆம் ஆண்டு வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த செய்தி, வாணிகம், போர், ஆளுநர் மாளிகைப் பேச்சு, ஊர் வழக்கு என அனைத்தும் அதில் இடம்பெற்றன. அவர் புலவர் நடையில் எழுதவில்லை. அக்காலத்துப் புதுச்சேரியில் வழங்கிய பிறமொழிச் சொற்களையும் விலக்கவில்லை. ஆயினும் அந்நாட்குறிப்பு இன்று வரலாற்றுச் சான்றாகப் போற்றப்படுகிறது. நாளும் இடமும் ஆளும் நிகழ்ச்சியும் அதில் தெளிவாகப் பதிந்திருப்பதே அதற்குக் காரணம்.

தலைநகர் தில்லிக்கும் இம்மரபில் பங்கு உண்டு. 1965ஆம் ஆண்டு கி. கஸ்தூரிரங்கன் தில்லியில் 'கணையாழி' என்னும் மாத இதழைத் தொடங்கினார். அதன் கடைசிப் பக்கத்தில் எழுத்தாளர் சுஜாதா, 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்னும் பெயரில் தம் எண்ணங்களை எழுதிவந்தார். படித்த நூல், பார்த்த திரைப்படம், அறிவியல் செய்தி, சந்தித்த மனிதர் என ஒரே பக்கத்தில் பல பொருள்கள் சுருக்கமாக அமைந்தன. இதழைக் கையில் எடுத்தவுடன் கடைசிப் பக்கத்தைத் திருப்பும் வாசகர் பலர் உருவாயினர். இடம் சிறிதாயினும் எழுதுபவரின் குரல் தெளிவாயின் வாசகர் தேடி வருவர் என்பதற்கு அப்பக்கம் சான்று.

2003ஆம் ஆண்டளவில் தமிழில் வலைப்பூக்கள் மலரத் தொடங்கின. இதழாசிரியரின் ஒப்புதலும் அச்சகத்தின் உதவியும் இன்றி, எவரும் தம் பக்கத்தைத் தாமே எழுதித் தாமே அமைத்து வெளியிடும் நிலை ஏற்பட்டது. இதனால் உரிமை பெருகியது, பொறுப்பும் பெருகியது. முன்னர் எழுதுபவர் ஒருவர், பிழை திருத்துபவர் ஒருவர், பக்கம் அமைப்பவர் ஒருவர் என மூவர் செய்த வேலையை இப்போது ஒருவரே செய்கிறார். ஆகவே தம் பக்கத்தைத் தாமே மதிப்பிடும் திறமும் அவருக்கு வேண்டியதாயிற்று. இத்திறம் வலைப்பூவுக்கு மட்டுமன்றி, பள்ளியின் கையெழுத்து இதழுக்கும் வகுப்பறைச் சுவர் இதழுக்கும் பொருந்தும்.

2. நன்னூல் தரும் அளவுகோல்

மதிப்பீட்டுக்கு அளவுகோல் வேண்டும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர், ஒரு நூலில் இருத்தலாகாத பத்துக் குற்றங்களையும் இருத்தற்குரிய பத்து அழகுகளையும் நன்னூலில் வகுத்துரைத்துள்ளார். அவற்றுட் சில, ஒரு பக்க எழுத்தை மதிப்பிடவும் ஏற்றவை.

குன்றக் கூறல்: வேண்டிய செய்தியைக் கூறாது விடுதல். 'விழா சிறப்பாக நடைபெற்றது' என எழுதி, எந்த விழா, எங்கே, எப்போது என்பவற்றைக் கூறாமை.

மிகைபடக் கூறல்: அளவுக்கு மேல் கூறுதல். ஒரு மழையை வருணிக்க ஐந்து உவமைகளை அடுக்குதல்.

மற்றொன்று விரித்தல்: எடுத்துக்கொண்ட பொருளை விடுத்து வேறொன்றை விரித்துரைத்தல்.

சென்று தேய்ந்து இறுதல்: தொடக்கத்தில் இருந்த சிறப்பு போகப்போகக் குறைந்து முடிதல். முதற்பத்தியை ஆர்வத்துடன் எழுதி, பின்னர் களைத்து, 'இத்துடன் முடிக்கிறேன்' என நிறுத்தும் எழுத்துக்கு இக்குற்றம் உண்டு.

அழகுகளுள் சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், முறையின் வைப்பு, விளங்கும் உதாரணம் ஆகியவை இங்குப் பெரிதும் கருதத்தக்கவை. சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும் ஒன்றல்ல. வேண்டாததை நீக்குவது முன்னது. வேண்டியதையும் நீக்கிவிடுவது பின்னது. மதிப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

3. பக்க அமைப்பின் இலக்கணம்

'முறையின் வைப்பு' என்னும் அழகு கருத்துகளின் வரிசைக்குரியது. அதனைப் பக்கத்தின் தோற்றத்துக்கும் விரித்துக் காணலாம். அமைப்பு என்பது அலங்காரம் அன்று. வாசகரின் கண் தடையின்றிச் செல்லப் பாதை இடுவதே அமைப்பு. தமிழ்ப் பக்கத்தை அமைப்போர் தமிழ் எழுத்தின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, தமிழ் எழுத்துகளின் மேலே புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும் வருகின்றன. உகர ஊகார வடிவங்கள் சில கீழே இறங்குகின்றன. வரிகளை நெருக்கமாக அமைத்தால் மேல்வரியின் கால்களும் கீழ்வரியின் புள்ளிகளும் ஒன்றையொன்று தொட்டு மயக்கம் தரும். ஆதலின் வரிகளுக்கு இடையே போதிய இடைவெளி விடுதல் வேண்டும்.

இரண்டாவது, தமிழ்ச் சொற்கள் உருபும் விகுதியும் சேர்ந்து நீண்டு செல்வன. 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்னும் ஒரு சொல்லே குறுகிய வரி ஒன்றை நிரப்பிவிடும். இரு ஓரங்களும் நேராக நிற்க வேண்டும் என்று குறுகிய பத்தியை இழுத்து அமைத்தால், சொற்களுக்கு இடையே பெரும் பள்ளங்கள் தோன்றும். அத்தகைய இடத்தில் இடப்புறத்தை மட்டும் நேராக்கி, வலப்புறத்தை அதன் போக்கில் விடுதல் நன்று. சொல்லை உடைக்க நேரின், புள்ளி பெற்ற மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வாராமல் காத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஆங்கிலத்தில் உள்ளது போலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு தமிழில் இல்லை. எனவே தலைப்பைப் பிரித்துக் காட்டுவதற்கு எழுத்தின் அளவு, தடிமன், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவையே துணை. பக்கத்தில் உள்ள எல்லாச் சொற்களையும் தடித்த எழுத்தில் அமைத்தால் எச்சொல்லும் தனித்துத் தெரியாது.

நான்காவது, எழுத்தின் வண்ணமும் பின்புலத்தின் வண்ணமும் தெளிவாக வேறுபடுதல் வேண்டும். படம் இடம்பெறின், அது பொருளோடு தொடர்புடையதாகவும், யார் எங்கே எப்போது எடுத்தது என்னும் குறிப்பு உடையதாகவும் அமைதல் வேண்டும்.

4. இரு பக்கங்கள்

தில்லியின் தென்பகுதியில் உள்ள சரோஜினி நகர், கவிஞரும் விடுதலைப் போராட்டத் தலைவருமான சரோஜினி நாயுடுவின் பெயரைத் தாங்கியது. முன்பு விநய நகர் என வழங்கப்பட்ட இப்பகுதியில் மைய அரசு ஊழியர் குடியிருப்புகள் அமைந்தன. பணி நிமித்தம் தெற்கிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இங்கு வாழ்ந்தன. 2016ஆம் ஆண்டு சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இத்திட்டத்துக்காக மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 2018ஆம் ஆண்டு மக்கள் மரங்களைத் தழுவி நின்று போராடினர். தில்லி உயர் நீதிமன்றம் மரம் வெட்டுவதற்கு அவ்வாண்டு இடைக்காலத் தடை விதித்தது.

இப்பின்னணியில், சரோஜினி நகரைப் பற்றி மாணவர் இருவர் பள்ளி இதழுக்கு ஒவ்வொரு பக்கம் எழுதி அமைத்ததாகக் கொள்க.

முதற்பக்கம்

(ஊதா நிறத் தாளில் சிவப்பு எழுத்துகள். நான்கு மூலைகளிலும் மயில் ஓவியம். நடுவில் கடற்கரையில் சூரியன் மறையும் படம். தலைப்பு: 'இயற்கை அன்னை'.)

"எங்கள் பகுதி மிகவும் அழகானது. இயற்கை அன்னை பச்சைப் பட்டாடை உடுத்தி, தென்றல் என்னும் தேரில் ஏறி, மலர் என்னும் மகுடம் சூடி, பறவை என்னும் பாணர் இசைக்கப் பவனி வருகிறாள். மரங்கள் நமக்கு நிழல் தருகின்றன. மரங்கள் நமக்குக் காற்றுத் தருகின்றன. மரம் இன்றேல் மனிதன் இல்லை. ஆகவே நாம் அனைவரும் மரங்களைக் காப்போம்."

இரண்டாம் பக்கம்

(கோடிட்ட தாளில் நீல மையால் நெருக்கமாக எழுதப்பட்டது. தலைப்பு இல்லை, நாள் இல்லை, பத்திப் பிரிவும் இல்லை.)

"எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. அம்மா அதன் கிளைக்கும் சன்னல் கம்பிக்கும் இடையே கயிறு கட்டித் துணி உலர்த்துவார். சித்திரை முதல் நாள் விடிந்ததும் பாட்டி என்னை எழுப்பி வேப்பம்பூ எடுத்து வரச் சொல்வார். தில்லியில் காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒரே பண்டம் இதுதான் என்பார். சரோஜினி நகர்ச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடம் இராது, சட்டைகள் மலிவு, பேரம் பேசத் தெரிந்தால் இன்னும் மலிவு. வீட்டைக் காலி செய்யும்படி கடிதம் வந்தது. லாரியில் பீரோவை ஏற்றியபோது பாட்டி மரத்தடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தார். அப்போது அழுதார். இப்போது நாங்கள் துவாரகாவில் எட்டாம் மாடியில் இருக்கிறோம். இந்தச் சித்திரைக்குப் பாட்டி உலர்ந்த வேப்பம்பூவைக் கடையில் வாங்கினார். சரோஜினி நகரில் இருந்த மரங்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள்."

5. மதிப்பீடு

மதிப்பெண் 20. பொருளுக்கு 6, மொழிக்கு 5, உண்மைக்கு 4, அமைப்புக்கு 5 எனப் பகுத்துக்கொள்க.

சுவரில் அருகருகே ஒட்டினால், கண் முதலில் செல்வது முதற்பக்கத்திற்கே. வண்ணமும் மயிலும் அழைக்கின்றன. ஆயின் அருகே சென்று படிக்க முயலும்போது ஊதாவின்மேல் சிவப்பு எழுத்துக் கண்ணை உறுத்துகிறது. கடல் இல்லாத தில்லியின் பக்கத்தில் கடற்கரைப் படம் எதற்கு என்னும் வினா எழுகிறது. எழுத்தில் பிழை இல்லை, ஓசையும் உண்டு. எனினும் ஒரே வாக்கியத்தில் நான்கு உருவகங்களை அடுக்கியது மிகைபடக் கூறல். எந்த மரம், எந்தத் தெரு என்பவை இல்லாமையின் குன்றக் கூறலும் உண்டு. ஒரே பக்கத்தில் மிகையும் குறையும் சேர்ந்து வரக்கூடும் என்பதை இது காட்டுகிறது. இப்பக்கத்தில் உள்ள 'எங்கள் பகுதி' சரோஜினி நகரும் ஆகலாம், சென்னையும் ஆகலாம், எவ்வூரும் ஆகலாம். பொருள் 2, மொழி 3, உண்மை 1, அமைப்பு 2, ஆக 8.

இரண்டாம் பக்கம் கண்ணை அழைக்கவில்லை. படித்தபின் மனத்தைவிட்டு அகலவில்லை. 'மரத்தைக் காப்போம்' என்று அது எங்கும் கூறவில்லை. காசின்றிக் கிடைத்த பூவைப் பாட்டி காசு கொடுத்து வாங்கினார் என்னும் ஒரு செய்தியில் ஒரு குடும்பத்தின் இழப்பு முழுவதும் அடங்கிவிட்டது. இதுவே விளங்கும் உதாரணம். 'பீரோ', 'லாரி' முதலிய வழக்குச் சொற்களைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை; வீட்டைக் காலி செய்யும் குடும்பத்தின் பேச்சு அது.

ஆயினும் இப்பக்கத்திலும் குறைகள் உண்டு. சந்தையைப் பற்றிய வாக்கியம் மற்றொன்று விரித்தல். அது தனியே ஒரு பக்கத்துக்கு உரிய நல்ல பொருள். இங்கு மரத்தை மறைக்கிறது. இறுதி வாக்கியம் உண்மையில் தடுமாறுகிறது. மரங்கள் எல்லாம் வெட்டப்பட்டதை எழுதியவர் நேரிற் கண்டாரா? கண்டது தம் வாசலில் இருந்த ஒரு மரத்தை எனின், அம்மரத்தைப் பற்றி மட்டுமே கூறுதல் வேண்டும். ஒரு மிகைக்கூற்று பிற உண்மைகளின் மீதும் ஐயத்தை உண்டாக்கும். அன்றியும் அவ்வாக்கியம் பூவை வாங்கிய நிகழ்ச்சிக்குப் பின் வருவதால் பக்கம் சென்று தேய்ந்து இறுகிறது. பொருள் 5, மொழி 4, உண்மை 3, அமைப்பு 2, ஆக 14.

இனித் திருத்தம் காண்க. 'வேப்பம்பூ' எனத் தலைப்பு; அதன்கீழ் நாள்; வாசல், இடமாற்றம், புதிய வீடு என மூன்று பத்திகள்; அகன்ற வரியிடைவெளி. சந்தை வாக்கியத்தை நீக்குக. இறுதி வாக்கியத்தை நீக்கி, பூ வாங்கிய செய்தியோடு நிறுத்துக. உண்மையில் 1, அமைப்பில் 3 கூடி, பக்கம் 18 மதிப்பெண் பெறும். எழுதியவர் புதிதாக ஒரு வாக்கியமும் சேர்க்க வேண்டியதில்லை. தலைப்பும் நாளும் சேர்த்ததும் வேண்டாதவற்றை நீக்கியதும் போதும்.

முதற்பக்கத்தின் ஆசிரியருக்குக் கூறத்தக்கது வேறு. அவருக்கு ஓசை உணர்வு உண்டு. பக்கத்தை நிரப்பும் ஆர்வமும் உண்டு. அவர் தம் தெருவில் உள்ள ஒரு மரத்தின் அடியில் கால் மணி நேரம் நின்று, கண்ட மூன்று செய்திகளைக் குறித்து வருதல் வேண்டும். அவற்றைக் கொண்டு எழுதினால் உருவகங்கள் தாமே குறையும்.

6. மதிப்பிடுவோர் கடமை

தன்னெழுத்தை மதிப்பிடுவது கணக்கைத் திருத்துவது போன்றதன்று. கணக்கில் விடை மட்டும் தவறும். இங்கே எழுதியவரின் வீடும் பாட்டியும் கண்ணீரும் பக்கத்தில் இருக்கின்றன. 'உன் பாட்டி அழுததில் சுவை இல்லை' என்று கூறுபவர், எழுத்தைக் குறைகூற எண்ணி மனிதரைக் காயப்படுத்திவிடுகிறார். அத்தகைய ஒரு சொல்லால் எழுதுவதையே விட்டுவிடும் இளையோர் உண்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ் எழுதும் மாணவர் சிலராய் இருக்கும் வகுப்பில் ஒருவர் பேனாவை மூடுவதும் பெரிய இழப்பே.

அதற்காகப் பொய்ப் புகழ்ச்சியும் வேண்டா. 'அருமை', 'மிக நன்று' என்னும் சொற்கள் எழுதுபவருக்கு எவ்வழியும் காட்டா. எந்த வாக்கியம் மனத்தில் நின்றது, எந்த இடத்தில் கண் தடுக்கியது, எதனை மாற்றினால் பக்கம் சிறக்கும் என்னும் மூன்றையும் கூறுவதே பயனுள்ள மதிப்பீடு. எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பிடுவது நட்பும் பகையும் குறுக்கிடாமல் காக்கும்.

இன்னும் ஒரு கடமை உண்டு. பக்கம் வெளியாகும்முன், அதில் வரும் பிறரின் இசைவைப் பெறுதல் வேண்டும். தாம் அழுததை ஊரார் படிப்பதில் பாட்டிக்கு உடன்பாடு உண்டா? இல்லையெனின், 'அப்போது அழுதார்' என்னும் தொடரை நீக்குக. நீக்கினாலும் பக்கம் மெலியாது. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிய கைகளே அனைத்தையும் கூறிவிடும். வீட்டு எண், தொலைபேசி எண் முதலியவற்றை எழுதுவதும் தவிர்க்கத்தக்கது.

ஓர் இடம் மாறிய பிறகு, அதன் வரைபடத்தையும் கட்டடக் கணக்கையும் அரசுக் கோப்புகளில் காணலாம். துணிக்கயிறு கட்டிய கிளையை எந்தக் கோப்பிலும் காண இயலாது. அதனை அங்கு வாழ்ந்தவரே எழுதுதல் வேண்டும். உண்மையாகவும் படிக்கத்தக்கதாகவும் எழுதுதல் வேண்டும்.

நினைவில் கொள்க

• அமைப்பு வாசகரை அழைக்கும்; எழுத்து அவரை இருத்தும்; உண்மை அவரை நம்பவைக்கும்.
• கண்டதைக் கண்ட அளவே கூறுக.
• நிறையை முதலில் கூறுக. குறையைச் சான்றுடன் கூறுக. திருத்தத்திற்கு வழி காட்டுக.

சொற்பொருள்

துபாஷி – இருமொழி பெயர்ப்பாளர்
இசைவு – உடன்பாடு, ஒப்புதல்
வழக்குச் சொல் – மக்கள் பேச்சில் வழங்கும் சொல்
வைப்பு – வைக்கும் முறை, வரிசை
விழுமிய – சிறந்த

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய ஆண்டு ________.
2. 'கணையாழி' இதழ் தொடங்கப்பட்ட நகரம் ________.
3. எடுத்துக்கொண்ட பொருளை விடுத்து வேறொன்றைக் கூறுதல் ________ எனப்படும்.

ஆ. ஓரிரு வாக்கியங்களில் விடை தருக.
1. சுருங்கச் சொல்லலுக்கும் குன்றக் கூறலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தமிழ் வரிகளுக்கு இடையே போதிய இடைவெளி ஏன் வேண்டும்?
3. இரண்டாம் பக்கத்தின் இறுதி வாக்கியத்தை நீக்கக் கூறிய காரணங்கள் யாவை?

இ. ஒரு பத்தியில் விடை தருக.
1. முதற்பக்கத்தில் மிகையும் குறையும் எவ்வாறு சேர்ந்து வந்துள்ளன? விளக்குக.
2. 'அப்போது அழுதார்' என்னும் தொடர் பக்கத்தில் இருத்தல் நன்றா, நீக்குதல் நன்றா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. செயல்பாடு
உம் தெருவில் மாறிப்போன ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அமைக்க. பெயர் எழுதாமல் நண்பரிடம் கொடுத்து, 20 மதிப்பெண்ணுக்கு மதிப்பீடு பெறுக. அவர் கூறிய திருத்தங்களுள் ஏற்றவற்றையும் ஏற்காதவற்றையும் காரணத்துடன் பக்கத்தின் பின்புறம் குறிக்க.